பெருவில் சிக்கன ஹோட்டலில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிமா, குஸ்கோ, அரெக்கிப்பா, பூனோ போன்ற நகரங்களில் குறைந்த செலவில் தனி ரூம் எடுத்துத் தங்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். விலைகள் எல்லாம் உத்தேசம்தான். பெருவின் நாணயம் சோல். ஒரு அமெரிக்க டாலருக்கு மூன்றரை சோல் அளவில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கன ஹோட்டல் என்றால் ஒரு இரவுக்கு எவ்வளவு ஆகும்?

பலர் சேர்ந்து தங்கும் டார்மிட்டரியில் ஒரு படுக்கை 35 முதல் 60 சோல். குளியலறையோடு கூடிய தனி ரூம் குஸ்கோவிலும் அரெக்கிப்பாவிலும் 80 முதல் 140 சோலுக்குள் கிடைக்கும். லிமாவின் மிராஃப்ளோரெஸ் பகுதியில் அதே தரத்துக்கு 120-க்குக் குறைவாகக் கிடைப்பது கடினம். ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இன்ட்டி ராய்மி விழா, ஜூலை 28, 29 சுதந்திர தின விடுமுறை, ஈஸ்டர் வாரம், பிப்ரவரியில் பூனோவின் கேண்டலேரியா விழா ஆகிய நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. விலை இரட்டிப்பாகும், பல இடங்களில் ரூமே இருக்காது. இவற்றுக்கு மட்டும் சில மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் முதல் இரவை மட்டும் பதிவு செய்துவிட்டு, ரூமைப் பார்த்தபின் நீட்டித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வாசலில் 'ஓஸ்தால்' என்று எழுதியிருக்கிறது. அது டார்மிட்டரி விடுதியா?

இல்லை. ஓஸ்தால் என்பது சிறிய ஹோட்டல். பெரும்பாலும் தனித்தனி ரூம்கள்தான் இருக்கும். சட்டப்படி ஹோட்டலுக்கு 1 முதல் 5 நட்சத்திரம், ஓஸ்தாலுக்கு 1 முதல் 3 நட்சத்திரம் வரை உண்டு. நட்சத்திரம் எதுவும் பெறாத சாதாரண விடுதிகள் 'ஓஸ்பெதாஹெ' என்ற பெயரில் இயங்கும். நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்: சுத்தமான ஓஸ்பெதாஹெயும் உண்டு, பாசி பிடித்த இரண்டு நட்சத்திர ஹோட்டலும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. வாசலில் மணிக்கணக்கில் வாடகை எழுதியிருந்தாலோ, இரவெல்லாம் சிவப்பு, ஊதா நியான் விளக்கு எரிந்தாலோ, அது காதல் ஜோடிகள் சில மணி நேரம் வந்துபோகும் இடம். அங்கே தங்குவதில் ஆபத்து என்று சொல்ல முடியாது, தூக்கம்தான் வராது.

கணவன் மனைவி என்பதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் குழந்தைகள் உடன் வந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

ரூம் வகைகளில் எதைக் கேட்பது?

'சிம்ப்ளே' ஒருவருக்கு. 'மத்ரிமோனியால்' என்றால் இருவருக்கு ஒரே பெரிய கட்டில். 'தோப்ளே' என்றால் இரண்டு தனிக் கட்டில்கள். தம்பதிகள் தோப்ளே பதிவு செய்துவிட்டு அங்கே போய்ச் சங்கடப்படுவது வழக்கமாக நடப்பது. 'பான்யோ பிரிவாதோ' என்றிருந்தால் குளியலறை ரூமுக்குள்ளேயே இருக்கும். 'கொம்பார்த்தீதோ' என்றால் பொதுக் குளியலறை.

லிமாவில் எந்தப் பகுதியில் தங்கலாம்?

முதல்முறை வருபவர்களுக்கு மிராஃப்ளோரெஸ் அல்லது பர்ராங்கோ. இரண்டும் கடலோரப் பகுதிகள், இரவிலும் நடமாட்டம் இருக்கும். இன்னும் குறைந்த வாடகை வேண்டுமென்றால் லின்சே, ஹெசூஸ் மரியா, புவெப்லோ லிப்ரே ஆகிய பகுதிகளைப் பாருங்கள். நடுத்தர மக்கள் வாழும் இடங்கள். சாப்பாட்டுக் கடைகளும் மலிவு. பழைய நகரின் மையப்பகுதி பகலில் அழகு. இரவு ஒன்பதுக்குப் பிறகு பல தெருக்கள் வெறிச்சோடிவிடும், தனியாக நடப்பது நல்லதல்ல.

விமான நிலையம் காயாவோவில் இருக்கிறது. புதிய முனையம் 2025 ஜூன் 1 முதல் இயங்குகிறது, பழைய முனையத்தைக் காட்டும் பழைய வழிகாட்டிக் குறிப்புகளை நம்ப வேண்டாம். அங்கிருந்து மிராஃப்ளோரெஸ் போக ஒரு மணி நேரம். மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். பெருவில் டாக்சிகளுக்கு மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன் தொகையைப் பேசி முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊபர், கபிஃபை போன்ற செயலிகளில் அழைக்க வேண்டும். வெளியே வந்ததும் தோளைத் தொட்டு அழைப்பவர்களோடு போகாதீர்கள்.

குஸ்கோவில்?

குஸ்கோவில் வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பக்கூடாது, ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சான் பிளாஸ் பகுதி மையச் சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் படிக்கட்டு. பல சந்துகளில் டாக்சி நுழையாது. வந்திறங்கிய அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் இரவு தலைவலி நிச்சயம். முதல் இரண்டு இரவுக்கு எல் சோல் அவென்யூவை ஒட்டியோ, சான் பெத்ரோ சந்தைக்கு அருகிலோ சமதளமான இடத்தில் எடுங்கள். உடம்பு பழகியபின் சான் பிளாசுக்கு மாறலாம்; காட்சி உண்மையிலேயே அருமை.

மையச் சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள பிளாத்தெரோஸ், ப்ரொக்குராதோரெஸ் தெருக்களில் மது விடுதிகளின் சத்தம் விடியும்வரை கேட்கும். அங்கே தெருப்பக்க ரூம் வேண்டாம்.

மச்சு பிச்சு அடிவாரத்திலுள்ள அகுவாஸ் காலியெந்தெஸ் ஊரிலும் இதே பிரச்சினைதான். அங்கே தண்டவாளத்தை ஒட்டிய ரூம்களில் ரயில் சத்தம், ஆற்றோர ரூம்களில் நீரின் இரைச்சல். ஆற்றின் சத்தத்தில் தூங்கிவிடலாம்.

18% வரி கட்டத் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பெருவில் விற்பனை வரி 18%. பெருவில் வசிக்காத வெளிநாட்டவர் 60 நாட்களுக்கு உட்பட்டுத் தங்கினால் ஹோட்டல் வாடகைக்கு இந்த வரி இல்லை. பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவையும் காட்ட வேண்டும். முன்பு காகித அட்டை கொடுத்தார்கள். இப்போது அந்தப் பதிவு மின்னணு வடிவில் இருக்கிறது. குடிவரவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து எடுக்கலாம். அதைத் தரவிறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கன ஹோட்டல்களில் இரவுநேர ஊழியருக்கு அதைத் தேடி எடுக்கத் தெரியாமல் போவது உண்டு.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. பொலிவியாவிலிருந்து பஸ்ஸில் வந்து எல்லையில் பதிவு சரியாக விழாமல் போயிருந்தால் சலுகை கிடைக்காது. பெருவில் வசிப்பவரோடு ஒரே ரூமில் தங்கினால் வரி கேட்கலாம். மிகச் சிறிய விடுதிகள் எளிய வரித்திட்டத்தில் இருப்பதால் அவர்கள் தனியாக இந்த வரியை வாங்குவதே இல்லை. அங்கே போய் 18% குறையுங்கள் என்று வாதாடுவதில் பயனில்லை. பேசிய விலையில் வரி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கார்டா, ரொக்கமா?

இரண்டும் வேண்டும். பல சிறிய இடங்கள் கார்டுக்கு 5% வரை கூடுதலாக வாங்கும். கார்டு இயந்திரம் "டாலரிலா, சோலிலா" என்று கேட்டால் சோலையே தேர்ந்தெடுங்கள், டாலரில் மாற்றினால் விகிதம் மோசமாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் யாப்பே, ப்ளின் என்ற செயலிகளில் பணம் அனுப்புவார்கள். பயணியாக வருபவர் அதை நம்பி வர முடியாது.

டாலர் நோட்டு கொண்டுபோனால் கிழிசல், பேனாக் கோடு, மடிப்பு வெடிப்பு எதுவும் இருக்கக்கூடாது. அரை சென்டிமீட்டர் கிழிசலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 100, 200 சோல் நோட்டுகளை ஹோட்டலிலேயே மாற்றிவிடுங்கள், தெருக்கடையிலும் டாக்சியிலும் சில்லறை கிடைக்காது. ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும் என்பதால் அடிக்கடி சிறுதொகை எடுக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் ரூமில் என்ன பார்க்க வேண்டும்?

ரூமைக் காட்டச் சொல்வது அங்கே சாதாரண விஷயம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் போதும்.

ஜன்னல் எங்கே திறக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியவற்றில் பல ரூம்களின் ஒரே ஜன்னல் நடைபாதையிலோ உள்முற்றத்திலோ திறக்கும். காற்றும் வெளிச்சமும் வராது, நடப்பவர்கள் பேச்சு முழுக்கக் கேட்கும். பிறகு மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. லிமாவில் சுவர் மூலைகளை முகர்ந்து பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே வெயிலே இருக்காது, 'கருவா' என்ற தூவானமும் ஈரப்பதமும்தான். பூஞ்சை நாற்றம் அடிக்கும் ரூமில் இரண்டு நாளில் துணியும் நாறிவிடும். போனில் வைஃபை சிக்னலை ரூமுக்குள் நின்று சோதியுங்கள். மண்சுவர் தடிமனாக இருப்பதால் ரிசப்ஷனில் கிடைப்பது உள்ளே கிடைக்காது. கடைசியாக, ஷவரைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

"24 மணி நேரமும் சுடுதண்ணீர்" என்றார்கள், ஆனால் வரவில்லை. ஏன்?

புகார்களில் முதலிடம் இதற்குத்தான். பாதிப் பிரச்சினை குழாயில் இருக்கும் எழுத்தால் வருகிறது: அங்கே 'சி' என்றால் காலியெந்தெ, அதாவது சூடு. 'எஃப்' என்றால் குளிர்ந்த நீர். ஆங்கில வழக்கப்படி 'சி'யைக் குளிர்ந்த நீர் என்று நினைத்து மற்றதைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டாம்.

மீதிப் பாதி, எந்த வகை ஹீட்டர் என்பதைப் பொறுத்தது. 'தெர்மா' என்பது மின்சாரத் தொட்டி. இதன் சுவிட்ச் ரூமுக்கு வெளியேகூட இருக்கலாம். குளிப்பதற்கு அரை மணி முன்பே போடச் சொல்ல வேண்டும். தொட்டி காலியானால் அடுத்தவர் மறுபடி காத்திருக்க வேண்டும்.

அரெக்கிப்பாவில் வெயில் அதிகம் என்பதால் கூரையில் சூரிய ஹீட்டர்கள் நிறைய உண்டு. மதியத்திலிருந்து முன்னிரவு வரை தண்ணீர் கொதிக்கும், விடியற்காலையில் வெதுவெதுப்பாகத்தான் வரும். அங்கே மாலையில் குளிப்பதே வழி.

ஷவர் தலையிலேயே மின்கம்பி போகிறதா? அது மின்ஷவர். சுவரில் தனி பிரேக்கர் இருந்தால் உலர்ந்த கையால் முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். தண்ணீர் வேகமாக வந்தால் சூடு ஏறாது, குறைத்தால் சூடு ஏறும். மிகவும் குறைத்தால் உள்ளே உள்ள சுவிட்ச் அழுத்தம் போதாமல் அணைந்து பச்சைத்தண்ணீர் வரும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிக்க வேண்டும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளியுங்கள், தண்ணீர் ஓடும்போது ஷவர் தலையைத் தொடாதீர்கள். கம்பி இணைப்பு டேப் இல்லாமல் திறந்து கிடந்தால் ரூமை மாற்றிக் கேளுங்கள்.

எரிவாயு ஹீட்டர் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருந்தால் இருப்பதிலேயே அதுதான் நல்லது. குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தால் அந்த ரூம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

டாய்லெட் பேப்பரை எங்கே போடுவது? கழுவத் தண்ணீர்க் குழாய் இருக்குமா?

பேப்பர் பக்கத்திலுள்ள கூடைக்குள். குழாய்கள் குறுகலானவை என்பதால் கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். கைக்குழாயோ குவளையோ இருக்காது. சந்தையில் சில சோலுக்குப் பிளாஸ்டிக் குவளை கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். தரையில் நீர் போக வழி ஷவருக்கு அடியில் மட்டும்தான் இருக்கும், அதனால் சிந்தாமல் பயன்படுத்த வேண்டும்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரே நல்லது. வாங்கும்போது 'சின் காஸ்' என்று கேளுங்கள், இல்லாவிட்டால் சோடா வந்து சேரலாம். காய்ச்சிக் குடிப்பதென்றால், 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபின் 3 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குஸ்கோவில் தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும்.

நம் ஊர் சார்ஜர் வேலை செய்யுமா? ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

பெருவில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியச் சார்ஜர்கள் பிரச்சினையில்லாமல் ஓடும். சுவரில் தட்டைப் பின்னும் உருண்டைப் பின்னும் நுழையும் இரட்டைத் துளை சாக்கெட்டுகள்தான் அதிகம்; மெல்லிய இரண்டு பின் பிளக் நுழைந்துவிடும், மூன்று பின் பிளக்குக்கு அடாப்டர் தேவை. அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் 110 வோல்ட் மட்டும் தாங்கும் ஹேர் டிரையரைச் செருகினால் புகைதான் வரும்.

ரைஸ் குக்கரைப் பெரும்பாலான ஹோட்டல்கள் அனுமதிப்பதில்லை, பழைய வயரிங்கில் பிரேக்கர் விழும். அதையும் மீறி வைத்தாலும் குஸ்கோ உயரத்தில் அரிசி நடுவில் வேகாமல் நிற்கும். பொதுச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்து, பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரூமில் ஹீட்டர் இருக்குமா?

சிக்கன ரூம்களில் இருக்காது. குஸ்கோவில் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், பூனோவில் அதைவிட மோசம். 'ஃப்ரசாதா' என்று கேட்டால் கூடுதல் கம்பளி தருவார்கள், காசு இல்லை. 'எஸ்தூஃபா' என்பது மின்ஹீட்டர், அதற்கு இரவு வாடகை உண்டு. பகல் வெயில் படும் மேல்மாடி ரூம், தரைத்தள ரூமைவிட எப்போதும் மேல்.

உயரத்தால் உடம்பு படுத்தினால் ஹோட்டலில் என்ன செய்வார்கள்?

ரிசப்ஷனில் கோக்கா இலைத் தேநீர் இலவசமாக வைத்திருப்பார்கள். 'மூன்யா' என்ற புதினா வகை மூலிகைத் தேநீரும் உண்டு, வயிற்று உப்புசத்துக்கு நல்லது. பல இடங்களில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், பதிவு செய்யும்போதே கேட்டுவைக்கலாம். ஆக்சிஜன் தற்காலிக நிவாரணம்தான். ஓய்வில் இருக்கும்போதும் மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், உடனே கிளினிக் போய்க் கீழே இறங்க வேண்டும். காலைவரை காத்திருக்கக் கூடாது.

வராமல் தடுப்பதே எளிது. குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, சுமார் 2,800 மீட்டர் உயரமுள்ள ஓயாந்தாய்தம்போவில் முதல் இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே வரலாம். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோக்கா இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்கு எடுத்துவராதீர்கள். பல நாடுகளில் அது போதைப்பொருள் வழக்கு.

காலை உணவில் என்ன கிடைக்கும்? சைவர்கள் சமாளிக்க முடியுமா?

ரொட்டி, வெண்ணெய், ஜாம், பழச்சாறு, சில இடங்களில் முட்டை. மேசையில் சிறு குப்பியில் இருக்கும் கறுப்புத் திரவம் காபி டிகாஷன், வெந்நீர் கலந்து குடிக்க வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால் முந்தைய இரவே சொல்லிவையுங்கள், பொட்டலம் கட்டித் தருவார்கள்.

வெளியே மதிய 'மெனு' என்பது சூப், சோறு, பானம் சேர்ந்த சாப்பாடு, 10 முதல் 15 சோல். "வெஜிட்டேரியன்" என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியாக விலக்கிச் சொல்லுங்கள். அப்படியும் காய்கறி சூப் கோழி ரசத்தில் செய்ததாக இருக்கும், கேட்காமல் குடிக்க வேண்டாம். 'சீஃபா' எனப்படும் சீன உணவகங்களில் முட்டை, கறி இல்லாத வறுத்த சோறு கேட்டால் செய்து தருவார்கள். எங்கும் கிடைக்கும் வழி இதுதான்.

அதிகாலை பஸ்ஸில் வந்தால் ரூம் தருவார்களா? பெட்டியை விட்டுப் போகலாமா?

ரூம் பொதுவாக மதியம் 12 அல்லது 1 மணிக்குத்தான். ஐந்து மணிக்கு வந்து சேர்பவர்களுக்குக் காலியாக இருந்தால் கொடுப்பார்கள், சிலர் அரை நாள் வாடகை கேட்பார்கள். முன்கூட்டி வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுவிடுங்கள். பெட்டியை வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இலவசம். மச்சு பிச்சு ரயிலில் கைப்பை அளவு சாமான்தான் அனுமதி என்பதால் குஸ்கோ ஹோட்டல்கள் இதற்குப் பழகியவை. எண் போட்ட சீட்டு வாங்குங்கள், பெட்டிக்குப் பூட்டு போடுங்கள், பாஸ்போர்ட்டை அதில் வைக்காதீர்கள். மச்சு பிச்சு நுழைவில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

துணி துவைக்க?

தெருவுக்குத் தெரு கிலோ கணக்கில் துவைக்கும் கடைகள் உண்டு. ஹோட்டலில் கொடுத்தால் உருப்படிக் கணக்கு, செலவு கூடும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். லிமா குளிர்காலத்தில் ரூமில் துவைத்துப் போட்டால் மூன்று நாளானாலும் காயாது.

சுவரில் பச்சை நிறத்தில் 'எஸ்' என்று ஒட்டியிருப்பது என்ன?

நிலநடுக்கம் வந்தால் நிற்க வேண்டிய பாதுகாப்பான இடம். பெருவில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2007 ஆகஸ்ட் 15 அன்று பிஸ்கோ பகுதியைத் தாக்கியது 8 அளவிலான நிலநடுக்கம். ரூமுக்குப் போகும் வழியில் அந்த அடையாளம் எங்கே இருக்கிறது, வெளிக்கதவு இரவில் எப்படித் திறக்கிறது என்று பார்த்துவையுங்கள். பல சிறிய விடுதிகளில் இரவில் வாசலைப் பூட்டிவிட்டு ஊழியர் தூங்கிவிடுவார். சாவி யாரிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பும் டார்ச்சும் கட்டிலருகே இருக்கட்டும், கண்ணாடி உடைந்து கிடக்கும் தரையில் வெறுங்காலோடு ஓட முடியாது.

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. யாரிடம் முறையிடுவது?

முதலில் 'லிப்ரோ தெ ரெக்லமாசியோனெஸ்' என்ற புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். காகிதத்திலோ கணினியிலோ அதை வைத்திருப்பதும், இருக்கிறது என்ற அறிவிப்பைக் கண்ணில் படும்படி மாட்டுவதும் சட்டப்படி கட்டாயம். எழுதினால் 15 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். நுகர்வோர் அமைப்பான இந்தெகோப்பி கண்காணிப்பதால், புத்தகத்தைக் கேட்ட உடனேயே பல பிரச்சினைகள் தீர்ந்துவிடும். ஆங்கிலத்தில் உதவி வேண்டுமென்றால் ஐபெரு என்ற அரசு சுற்றுலா உதவி மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, எண் (01) 574 8000. திருட்டு என்றால் 105-ல் போலீஸ். பெரிய நகரங்களில் சுற்றுலாப் போலீஸ் தனியாக உண்டு. காப்பீட்டுத் தொகை கோர அவர்கள் எழுதித் தரும் 'தெனுன்சியா' என்ற போலீஸ் புகாரின் நகல் தேவைப்படும், ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன் அதில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.